சகலைக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து: கடை வாடகை பாக்கிக்கு எனக்கு நோட்டீஸ். அக்ரிமெண்ட் ரிஜிஸ்டரே ஆகவில்லை, நான் கட்ட வேண்டுமா?

பனியன்_ஊர்க்காரன்

போன வியாழக்கிழமை தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார், பிரித்தால் வக்கீல் நோட்டீஸ். 15 நாளுக்குள் 2,12,400 ரூபாய் கட்ட வேண்டுமாம், தவறினால் 24 சதவீத வட்டியோடு கோர்ட்டில் வசூலிப்பார்களாம். நான் யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியவன் இல்லை.

விஷயம் இதுதான். என் சகலை திருப்பூரில் செகண்ட்ஸ் பனியன் கடை வைத்தான். 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்கு அக்ரிமெண்ட், மாச வாடகை 18,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். கடை ஓனர் "சொந்தத்தில் யாராவது ஒருத்தர் ஜாமீன் போட்டால்தான் சாவி" என்று சொல்லிவிட்டார். என் கொழுந்தியாள் ரெண்டு நாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள், நானும் போய் கையெழுத்துப் போட்டேன். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்தது, சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் பக்கமே போகவில்லை.

2024 செப்டம்பரிலிருந்து அவன் வாடகை கட்டவில்லை. 2025 மார்ச் கடைசியில் ஷட்டரை இழுத்து மூடி, சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இப்போது சூரத்தில் இருப்பதாகக் கேள்வி, போன் எடுத்தால் எடுப்பான், இல்லையென்றால் இல்லை. நோட்டீஸில் ஏழு மாச வாடகை 1,68,000, அக்ரிமெண்ட் முடிய மிச்சமிருந்த ஏப்ரல், மே ரெண்டு மாசத்துக்கு 48,000, இபி பாக்கி 11,400, பெயிண்ட் அடித்த செலவு 25,000 போட்டு, அதில் அட்வான்ஸ் மிச்சம் 40,000 கழித்திருக்கிறார்கள்.

ரிஜிஸ்டர் ஆகாத அக்ரிமெண்ட் செல்லாது என்று ஆபீஸில் ரெண்டு பேர் சொன்னார்கள். அது செல்லாது என்றால் என் ஜாமீனும் சேர்ந்து போய்விடும்தானே? அப்புறம் இன்னொன்று, முதலில் அவன்மேல் கேஸ் போட்டு, அவனிடம் வசூலாகவில்லை என்றால்தானே என்னிடம் வர வேண்டும்? ஏழு மாசம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது என் கழுத்தைப் பிடித்தால் எப்படி?

டீக்கடை_பெஞ்ச்

ஒரு வருஷத்துக்கு மேல் போனால் ரிஜிஸ்டர் கட்டாயம் சார். இது வெறும் பேப்பர். நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

சிவில்_சைடு

கிழிக்க வேண்டாம். பெஞ்ச் அண்ணன் சொல்வது பாதி சரி, வம்பு மிச்சப் பாதியில்தான் இருக்கிறது.

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுப் பத்திரம் மூலம்தான் செய்ய முடியும் என்று சொத்துரிமை மாற்றச் சட்டம் 107-வது பிரிவு சொல்கிறது. 1908 பதிவுச் சட்டம் 17-வது பிரிவும் அதையே சொல்கிறது. பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது 49-வது பிரிவில் இருக்கிறது: அந்தப் பத்திரத்தைக் காட்டி "மூன்று வருஷக் குத்தகை" என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் உங்கள் சகலை அந்தக் கடைக்குள் உட்கார்ந்து ரெண்டு வருஷம் வியாபாரம் பண்ணி வாடகையும் கட்டியிருக்கிறார், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் பத்திரம் போனாலும் மாசா மாசம் வாடகை என்ற அளவில் குத்தகை உறவு நிற்கும் என்று ஆண்டனி எதிர் இட்டூப் வழக்கில் 2000-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆக, கடையில் இருந்த மாசங்களுக்கு சகலை வாடகை தர வேண்டியவர்தான். பேப்பர் செல்லாது என்பதால் கடையை ஓசியில் வைத்துக்கொள்ள முடியாது.

இனி உங்கள் ஜாமீன். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். ஜாமீன் என்பது நிலத்தைப் பற்றிய ஒப்பந்தம் இல்லை, "அவன் தராவிட்டால் நான் தருகிறேன்" என்ற தனி வாக்கு. அதைப் பதிவு செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 126-வது பிரிவின்படி வாய்மொழியாகக் கொடுத்தால்கூட அது ஜாமீன்தான். 49-வது பிரிவின் கடைசியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பதிவு தேவைப்படாத சார்புப் பரிவர்த்தனைக்கு, அதாவது முக்கிய ஒப்பந்தத்தை ஒட்டி வரும் துணை விஷயத்துக்கு, சாட்சியமாக அந்தப் பத்திரத்தைக் காட்டலாம் என்று. ஓனர் தரப்பு வக்கீல் அந்தக் கதவு வழியாகத்தான் வருவார்.

முதலில் அவனைக் கேட்கட்டும் என்கிறீர்கள். நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் சட்டம் அப்படி இல்லை. 128-வது பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவு. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய நேராக உங்களிடமே வரலாம். பீகார் வங்கி எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் இதே கேள்விதான் வந்தது, கடனாளியை விரட்டி முடித்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்றால் ஜாமீன் வாங்குவதில் அர்த்தமே இல்லை என்கிற ரீதியில் சுப்ரீம் கோர்ட் முடித்துவிட்டது. ஏழு மாசம் சும்மா இருந்தார் என்பதும் உங்களுக்கு உதவாது. வெறுமனே கேஸ் போடாமல் பொறுத்திருந்தால் ஜாமீன் போகாது, அது 137. வாடகை பாக்கிக்கு ஒவ்வொரு மாசமும் கட்ட வேண்டிய நாளிலிருந்து மூன்று வருஷம் அவருக்கு அவகாசம் இருக்கிறது.

அந்த 48,000 மட்டும் வேறு கதை. சகலை காலி செய்த பிறகு வரும் ஏப்ரலும் மேயும் மூன்று வருஷ ஷரத்தை வைத்துத்தான் கேட்கப்படுகிறது. பதிவில்லாத பத்திரத்தின் முக்கிய ஷரத்தையே சார்பு விஷயம் என்று சொல்லி உள்ளே கொண்டுவர முடியாது என்று கே.பி. சாஹா வழக்கில் 2008-ல் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகைக்கு உங்கள் பதில் நோட்டீஸில் ஒரே ஒரு பத்தி போதும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். பெயருக்கு மேலே என்ன டைப் அடித்திருக்கிறது, சாட்சி என்றா, ஜாமீன்தாரர் என்றா? ஜாமீன் ஷரத்தின் வாசகம் என்ன? அப்புறம் பத்திரத்தில் 18,000 என்கிறீர்கள், நோட்டீஸில் 1,68,000-ஐ ஏழால் வகுத்தால் 24,000 வருகிறது. இடையில் என்ன நடந்தது? அட்வான்ஸ் ஒரு லட்சம் எப்படி நாற்பதாயிரம் ஆனது?

மூணு_ஷட்டர்

ஓனர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என்னிடம் மெயின் ரோட்டில் மூன்று கடை இருக்கிறது. வாடகை வராத ஒவ்வொரு மாசமும் சொத்துவரி, லோன் இரண்டும் என் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. யாரும் ரிஜிஸ்டர் செய்யாததற்குக் காரணம் ஓனர் மட்டும் என்று பேசாதீர்கள், "எதுக்குங்க வெட்டிச் செலவு, நூறு ரூபாய் பத்திரம் போதும்" என்று என்னிடம் சொன்னதெல்லாம் வாடகைக்கு வந்தவர்கள்தான். ஜாமீன் போடும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து "நான் இருக்கேன், நீங்க கவலைப்படாதீங்க" என்பார்கள். வாடகை நின்றதும் பேப்பர் செல்லாது என்பார்கள்.

ஆனால் இந்த ஓனர் பெயிண்ட் செலவை ஜாமீன்தாரர் தலையில் கட்டுவது அதிகம்தான். நானே செய்ய மாட்டேன்.

பனியன்_ஊர்க்காரன்

சிவில் சைடு சார், ரொம்ப நன்றி. ராத்திரி பீரோவைக் கவிழ்த்து ஜெராக்ஸ் காப்பியைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு மேல் "ஜாமீன்தாரர்" என்றுதான் இருக்கிறது, சாட்சிகள் ரெண்டு பேர் அதற்குக் கீழே தனியாக. 14-வது ஷரத்து அப்படியே: "மேற்படி வாடகைதாரர் மேற்படி வாடகையைச் செலுத்தத் தவறும் பட்சத்தில் மேற்படி வாடகைத் தொகைக்கு ஜாமீன்தாரர் பொறுப்பேற்கிறார்." எத்தனை மேற்படி பாருங்கள்.

24,000 எப்படி வந்தது என்று நோட்டீஸிலேயே சொல்லியிருக்கிறார்கள், நான்தான் சரியாகப் படிக்கவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் இருக்கிறது, 2024 ஏப்ரலில் அதையும் சரக்கு வைக்க எடுத்துக்கொண்டு ரெண்டுக்கும் சேர்த்து 24,000 என்று பேசிக்கொண்டார்களாம். எழுத்தில் எதுவும் இல்லை, அந்த மாசத்திலிருந்து ஜிபேயில் 24,000 போயிருக்கிறது. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது ஷெட்டில் மூட்டை கிடப்பதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அட்வான்ஸ் விஷயம்: 2025 ஜனவரியில் சகலையின் அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன். இவன் போய் ஓனரிடம் அழுதிருக்கிறான், அவரும் மனசு கேட்காமல் அட்வான்ஸிலிருந்து 60,000 எடுத்துக் கொடுத்திருக்கிறார். நாலு மாச வாடகை பாக்கி இருக்கும்போதே! இது எனக்குக் கொழுந்தியாள் இப்போதுதான் சொன்னாள். ஓனர் கெட்டவர் இல்லை சார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவில்_சைடு

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும் நீங்கள். பதிவு ஆச்சா ஆகவில்லையா என்பதை விட்டுவிடுங்கள், உங்கள் கேஸ் இப்போது அந்தத் தகர ஷெட்டில் இருக்கிறது.

ஒப்பந்தச் சட்டம் 133: கடனாளியும் கடன் கொடுத்தவரும் தங்கள் ஒப்பந்தத்தின் நிபந்தனையை ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் மாற்றினால், மாற்றத்துக்குப் பின்னால் வரும் பரிவர்த்தனைகளுக்கு ஜாமீன்தாரர் பொறுப்பில்லை. சட்டப் புத்தகத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். வங்கி மேனேஜரின் நடத்தைக்கு ஒருவர் ஜாமீன் நிற்கிறார். வங்கியும் மேனேஜரும் அவரிடம் சொல்லாமல், சம்பளத்தைக் கூட்டுகிறோம், அதிகப்பற்று (ஓவர்டிராஃப்ட்) நஷ்டத்தில் கால்வாசியை நீ ஏற்றுக்கொள் என்று மாற்றிக்கொள்கிறார்கள். ஜாமீன்தாரர் விடுபட்டுவிடுகிறார். உங்கள் கதையில் மாற்றம் 2024 ஏப்ரல், பாக்கி ஆரம்பித்தது செப்டம்பர். பாக்கி முழுவதுமே மாற்றத்துக்குப் பின்னால்தான். தீபாவளிக்கு மூட்டையைப் பார்த்தீர்கள் என்பது தெரிந்தது ஆகலாம், சம்மதம் ஆகாது. ஆனாலும் அதை இப்படிப் பொதுவில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

அடுத்து 141. ஓனர் கையில் இருந்த ஈடு எதுவானாலும் அதன் பலன் ஜாமீன்தாரருக்கும் உண்டு, உங்களைக் கேட்காமல் அதைக் கைவிட்டால் அந்த மதிப்புக்கு நீங்கள் விடுதலை. அட்வான்ஸ் என்பது வாடகைக்கான ஈடுதான். இரக்கப்பட்டுக் கொடுத்தார், நல்ல மனிதர்தான், ஆனால் அந்த 60,000-ஐ உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது.

இபியும் பெயிண்டும் 14-வது ஷரத்திலேயே வராது, "வாடகைத் தொகைக்கு" என்றுதான் எழுதியிருக்கிறது. ஜாமீன் ஷரத்தை எழுதியதற்கு மேல் நீட்டிப் படிக்க மாட்டார்கள்.

ஒரு வேலை பாக்கி. பத்திரத்தை முதல் வரியிலிருந்து படியுங்கள், "பின்னிட்டு ஏற்படும் மாறுதல்களுக்கும் ஜாமீன்தாரர் கட்டுப்பட்டவர்" என்ற மாதிரி எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று. வங்கிக் கடன் ஜாமீனில் அந்த வரி இல்லாமல் இருக்காது. கடை வாடகைப் பத்திரத்தில் அபூர்வம், இருந்தாலும் பாருங்கள்.

குமாஸ்தா_கணக்கு

இருபது வருஷமாக வக்கீல் ஆபீஸில் கட்டு தூக்குகிறேன், சட்டம் படித்தவன் இல்லை. ரெண்டு விஷயம்.

சிவில் சைடு சார் பதிவில்லாத பிரச்சினையைச் சீக்கிரம் விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இவர் ஜாமீன் நின்றது மூன்று வருஷக் குத்தகைக்கு. அந்தக் குத்தகை சட்டப்படி பிறக்கவே இல்லை. அதற்குப் பதிலாக மாசா மாசக் குத்தகை என்று சட்டமே ஒன்றை உண்டாக்குகிறது, அதற்கு இவர் எங்கே கையெழுத்துப் போட்டார்? ஜாமீன்தாரர் வாக்கைக் கறாராகத்தான் படிக்க வேண்டும் என்றால் இந்த வாதத்தையும் பதிலில் சேர்க்க வேண்டும். எந்த ஜட்ஜ் எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது, ஆனால் சொல்லாமல் விட்டால் பின்னால் சொல்லக் கஷ்டம்.

ரெண்டாவது, முத்திரை. பதிவில்லாத பத்திரத்துக்குச் சார்புப் பரிவர்த்தனை என்று ஒரு சந்து இருக்கிறது, முத்திரை குறைந்த பத்திரத்துக்கு அந்தச் சந்தும் கிடையாது. முத்திரைச் சட்டம் 35, எந்தக் காரியத்துக்கும் சாட்சியமாக உள்ளே வராது, குறைவாகக் கட்டிய முத்திரைத் தீர்வையின் மீதியும் அபராதமும் கட்டும்வரை. தமிழ்நாட்டில் குத்தகைக்கு மொத்த வாடகை, அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு சதவீதம். 18,000 வீதம் 36 மாசம் 6,48,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், ஆக 7,48,000. தீர்வை 7,480 வர வேண்டிய இடத்தில் நூறு ரூபாய்த் தாள். அபராதம் பத்து மடங்கு வரை போகும், எழுபதாயிரத்துக்கு மேல். ஓனர் கட்டிவிட்டால் பத்திரம் உள்ளே வந்துவிடும், அது உண்மை. ஆனால் பத்திரத்தைக் கோர்ட்டில் சாட்சிய ஆவணமாக மார்க் செய்யும்போதே ஆட்சேபனை சொல்லாவிட்டால் அப்புறம் கேட்க மாட்டார்கள். நாங்கள் ஒரு தடவை கோட்டை விட்டிருக்கிறோம்.

அப்புறம் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் தெரியுமா? "ஷெட் தனி வாடகை, 6,000. கடை வாடகை அதே 18,000 தான், மாற்றமே இல்லை" என்று சொல்லும்.

சிவில்_சைடு

குமாஸ்தா சொல்வது எல்லாமே பதிலில் போக வேண்டியதுதான், நான் முத்திரையை மறந்தேபோனேன். பிறக்காத குத்தகை வாதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆள் கடைக்குள் இருந்து அனுபவித்திருக்கிற நிலையில் அதை மட்டும் நம்பி நிற்க மாட்டேன், ரெண்டாவது வரிசையில் வைப்பேன்.

ஷெட் தனி என்று அவர்கள் ஜெயித்துவிட்டாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு மாசம், 18,000 வீதம், 1,26,000. அட்வான்ஸ் முழு ஒரு லட்சத்தையும் கழித்தால் 26,000. 2,12,400 கேட்ட நோட்டீஸ் இருபத்தாறாயிரத்தில் வந்து நிற்கிறது, அதுவும் அந்த வாதத்தில் நீங்கள் தோற்றால். ஷெட் வாதம் ஜெயித்தால் ஒன்றுமில்லை.

கேஸ் போட்டு சம்மன் வந்தால் மேலே "உத்தரவு 37" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சுருக்க வழக்கு, 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், எதிர்வாதம் செய்யவே கோர்ட்டின் அனுமதி கேட்க வேண்டும். சாதாரண கேஸ் மாதிரி வாய்தாவுக்குப் போகலாம் என்று இருந்தால் உங்கள் பக்கம் கேட்காமலே டிக்ரி ஆகிவிடும். இங்கே படித்ததை வைத்து நீங்களே பதில் எழுத வேண்டாம், பத்திரத்தோடு உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

ஈரோட்டு_மாப்பிள்ளை

அண்ணா, நான் என் மச்சானுக்காக ஒரு தடவை 70,000 கட்டினவன். கட்டுவதென்று முடிவானால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். "ஜாமீன்தாரர் என்ற முறையில் இன்னாருக்காக இத்தனை மாச வாடகைக்கு" என்று எழுதி வாங்கிக்கொண்டு வங்கி வழியாகக் கொடுங்கள். கடனாளியிடம் திரும்பக் கேட்க 145-வது பிரிவு உரிமை கொடுக்கிறது என்று வக்கீல் சொன்னார், உரிமை கையில் இருந்தது, ரசீதுதான் இல்லை. மச்சான் "எப்பக் குடுத்தீங்க" என்று கேட்டான். வீட்டுக்காரம்மா அன்றைக்கு அவன் பக்கம்தான் பேசினாள்.

மூணு_ஷட்டர்

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் ஜாமீன் குறையும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். போன வருஷம் நானும் ஒருத்தருக்கு இதே மாதிரி கொடுத்தேன். நல்லவேளை, அவர் வாடகை கட்டிவிட்டார்.

பனியன்_ஊர்க்காரன்

பத்திரத்தை நாலு தடவை படித்துவிட்டேன், மாறுதலைப் பற்றி எந்த வரியும் இல்லை. 9-வது ஷரத்தில் மட்டும் "கூடுதல் இடம் தேவைப்பட்டால் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியது" என்று இருக்கிறது. இருவரும் என்றால் ஓனரும் சகலையும்தானே? நான் மூன்றாவது ஆள்.

சிவில்_சைடு

அந்த வரியை அவர்கள் கட்டாயம் எடுப்பார்கள். இடம் கூடுவது உங்களுக்கு முதலிலேயே தெரியும், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்பார்கள். "இருவரும்" என்பதை வைத்து நீங்கள் திருப்பிச் சொல்லலாம், ஜாமீன்தாரர் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை என்று. உங்கள் பக்கம்தான் கொஞ்சம் கனம் அதிகம் என்று நினைக்கிறேன், ஆனால் நேற்று சொன்ன அளவுக்கு உறுதியாக இன்று சொல்ல மாட்டேன். அதனால் 60,000 விஷயத்துக்கு ஆதாரம் முக்கியம், ஓனர் நோட்டீஸில் 40,000 மிச்சம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாரே தவிர மீதி எங்கே போனது என்று சொல்லவில்லை. நாளைக்கு அதையும் பழைய பாக்கிக்கு வரவு வைத்தேன் என்பார். சகலையிடம் கேளுங்கள்.

பனியன்_ஊர்க்காரன்

சகலை ஆறாவது தடவைதான் போன் எடுத்தான். திட்டவில்லை, அம்மா உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், அப்புறம் இதைக் கேட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். 2025 ஜனவரி 17, சாயங்காலம் 6.42, ஓனர் கணக்கிலிருந்து 60,000, குறிப்பில் ஓனரே டைப் அடித்திருக்கிறார்: "அட்வான்ஸ் ரிட்டன், ஆபரேஷனுக்கு". பிரிண்ட் எடுத்துப் பத்திரத்தோடு வைத்துவிட்டேன். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறேன். 26,000 வரைக்கும் பேசி முடிக்க ஓனர் சம்மதித்தால் கட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.